மலையில் கருத்தடை: மாத்திரை, ஊசி, அப்புறம் ஆண்கள்

1971இல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு விசித்திரமான சேமிப்புக் கணக்கு தொடங்கியது. குன்னூரில் தலைமையகம் கொண்ட உபாசி, அதாவது தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கம், நடத்திய திட்டம் அது. கொழுந்து பறிக்கும் பெண் கர்ப்பமாகாமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அவள் பெயரில் 5 ரூபாய் ஏறும். நினைத்தபோது எடுக்க முடியாது. பிள்ளை பெறும் வயது தாண்டிய பிறகுதான் பணம். இரண்டுக்கு மேல் பெற்றால் சேர்ந்ததில் ஒரு பகுதி போய்விடும். யோசனை ரொனால்ட் ரிட்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞருடையது. பிரசவச் சம்பளம், பிள்ளைக் காப்பகம், ஆஸ்பத்திரி, வீடு எல்லாம் தோட்டத்தின் தலையில் விழும் செலவு. அது மிச்சமானால் அதில் ஒரு பங்கைத் தாய்க்கே கொடுத்துவிடலாமே என்பது அவர் போட்ட கணக்கு.

எப்படித் தடுக்கிறாள் என்பதில் திட்டம் தலையிடவில்லை. மாத்திரையா, கருப்பைக்குள் வைக்கும் லூப்பா, புருஷன் உறை போடுகிறானா, அது அவர்கள் பாடு. பிள்ளை பிறந்ததா இல்லையா என்பது மட்டும் பதிவாகும். கணக்கோ பெண் பெயரில்தான். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. திட்டம் போய்விட்டது, அந்த ஏற்பாடு மட்டும் போகவில்லை. கருத்தடை என்றால் இன்றும் கணக்கு பெண் பெயரில்தான் எழுதப்படுகிறது.

புள்ளிவிவரம் பார்த்தால் புரியும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் பாதிக்கு மேல், சுமார் 58 விழுக்காடு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் அதைவிடக் குறைவு. ஒன்று, இரண்டு, ஆபரேஷன் என்பதுதான் இங்கே வழக்கம். இரண்டாவது பிரசவத்தோடு பெட்டிலேயே கேட்டுவிடுவார்கள். நடுவில் இருக்கும் வருடங்களுக்கு, அதாவது முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் இடையே, அல்லது கல்யாணமானதும் கொஞ்ச நாள் பொறுக்க நினைப்பவர்களுக்கு, ஹார்மோன் முறைகள் உண்டு என்பதே பலர் காதில் விழுவதில்லை.

சரி, இந்த ஹார்மோன் என்ன செய்கிறது? மாதாமாதம் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு கட்டத்தில் திடீரென ஒரு ஹார்மோனைக் கொட்டும். அதில்தான் கருமுட்டை வெளியே வரும். வெளியிலிருந்து புரோஜெஸ்டின் என்ற செயற்கை ஹார்மோனைக் கொடுத்தால் அந்தக் கொட்டல் நடக்காது. கருப்பை வாயிலுள்ள சளி கெட்டியாகி விந்தணுவை உள்ளே விடாது, கருப்பையின் உள்சவ்வும் மெலிந்துவிடும். கூடவே ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்தால் முட்டை வராமல் தடுப்பது இன்னும் உறுதியாகும். உதிரப்போக்கும் மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வரும். அது உண்மையான மாதவிடாய் இல்லை, ஹார்மோன் நின்ற சில நாளில் சவ்வு உதிர்வதுதான்.

முதல் மாத்திரைகளுக்கான மூலப்பொருள் மெக்சிகோ காடுகளில் விளைந்த ஒரு கிழங்கிலிருந்து வந்தது என்பது மலைக்காரர்களுக்குப் பிடிக்கும் செய்தி. கூடலூர்க் காடுகளில் காட்டுநாயக்கர்கள் தோண்டி எடுக்கும் வள்ளிக்கிழங்கு வகைகளுக்கு அது உறவுதான். அதற்காகக் கிழங்கு தின்றால் பிள்ளை பிறக்காது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்தச் சத்தை ஹார்மோனாக மாற்ற வேதியியல் கூடத்தில் பல படிகள் தாண்டியாக வேண்டும்.

அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. 21இல்தான் ஹார்மோன்: 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின், 0.03 மில்லிகிராம் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன். மீதி 7 இரும்புச்சத்து. நாள் எண்ணும் வேலை வேண்டாம் என்பதற்காகவும், சோகைக்குக் கொஞ்சம் ஆகட்டும் என்பதற்காகவும் அந்த ஏழு. சோகை தோட்டப் பெண்களுக்குப் புதிதல்ல. மாத்திரை எடுத்தால் உதிரப்போக்கு பொதுவாகக் குறையும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், நமக்கு ஏற்ற முறை என்றுதான் காகிதத்தில் தோன்றும்.

காகிதத்துக்கு வெளியே வேறு கதை. ஒழுங்காக எடுத்தால் வருடத்துக்கு ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் கரு தங்கும். சாதாரண மனுஷர்கள் சாதாரணமாக எடுக்கும்போது அதுவே நூற்றுக்கு ஏழு. அந்த இடைவெளி முழுக்க மறதி. விடியும் முன் அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்துப் பேர் போடும் நேரத்துக்குள் மேட்டில் ஏறி நிற்க வேண்டிய பெண்ணுக்குக் காலை வேளையில் மாத்திரை நினைவுக்கு வராது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஒன்று விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு வழக்கம்போலத் தொடரலாம். அடுத்தடுத்து இரண்டோ அதற்கு மேலோ விட்டால், கடைசியாக விட்டதை உடனே போட்டு, மீதியைத் தொடர்ந்து, ஏழு நாளைக்கு உறையும் சேர வேண்டும். தோட்டத்து லைன் வீட்டில் ஒரே அறையில் மாமியாரோடு இருப்பவள் அட்டையை எங்கே வைப்பாள் என்பது தனிப் பிரச்சினை. அதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது.

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எல்லாருக்கும் ஆகாது. இரத்தம் உறையும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும் என்பதுதான் அதன் முக்கியக் குறை. மாத்திரை எடுக்காத பெண்களில் வருடத்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு அப்படி ஆகும். எடுப்பவர்களில் மூன்று முதல் ஒன்பது. கர்ப்பத்தில் அது ஐந்து முதல் இருபது வரை போகும், பிரசவித்த முதல் வாரங்களில் இன்னும் பலமடங்கு. மாத்திரையைக் காட்டிப் பயமுறுத்த இந்த எண்ணைச் சொல்பவர்கள் கர்ப்பத்தின் எண்ணைச் சொல்வதில்லை. ஆனாலும் இரத்தக் கொதிப்பு இருந்தால், 35 வயதுக்கு மேல் புகைபிடித்தால், கண்ணில் மின்னல் வெட்டியபடி ஒற்றைத் தலைவலி வந்தால், இந்த மாத்திரை வேண்டாம். பால் கொடுப்பவர்கள் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும் சில வலிப்பு மருந்துகள் எடுப்பவர்களுக்கும் கல்லீரல் ஹார்மோனை வேகமாக அழித்துவிடும். மாத்திரை போட்டும் பலன் இருக்காது. டிபி மாத்திரை தருபவரிடம் கருத்தடை பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

மலைக்கே உரிய ஒரு சந்தேகம் உண்டு. உயரத்தில் இருப்பவர்களுக்கு இரத்தம் உறையும், மாத்திரை கூடாது என்பார்கள். பாதி உண்மை. 4,500 மீட்டருக்கு மேல் ஒரு வாரத்துக்கு மேல் தங்குபவர்கள் வேறு முறையை யோசிக்கலாம் என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. அது இமயமலை ஏறுபவர்களுக்கான பேச்சு. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஊட்டியில் இருப்பவரும் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு போடுபவரும் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

சாயா என்று ஒரு வார மாத்திரை உண்டு. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த சென்ட்குரோமான், சஹேலி என்ற பெயரில் முன்பே விற்பனைக்கு வந்தது. இதில் ஈஸ்ட்ரோஜனும் இல்லை, புரோஜெஸ்டினும் இல்லை. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யும் இடங்களில் குறுக்கே நிற்கும் மருந்து. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. மாதவிடாய் தள்ளிப்போவது சகஜம், அதில்தான் பெண்கள் பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

மலைக்கு அதிகம் பேச வேண்டியது ஊசியைப் பற்றித்தான். அந்தரா என்ற பெயரில் 2017 வாக்கில் அரசுத் திட்டத்துக்குள் வந்தது. மருந்து மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரோன் என்ற புரோஜெஸ்டின், 150 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஈஸ்ட்ரோஜன் கிடையாது. பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் பால் கொடுப்பவரும் போடலாம். ரிஃபாம்பிசின் இதன் பலத்தைக் கெடுக்காது. வீட்டில் எதையும் ஒளித்து வைக்க வேண்டாம், தினமும் நினைவு வைக்க வேண்டாம். அடுத்த ஊசித் தேதி எழுதிய அட்டை ஒன்று மட்டும் கையில் இருக்கும். மழையில் ரோடு சரிந்து பஸ் நின்றுபோனாலும் நான்கு வாரம் வரை தாமதத்தை இது தாங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீலகிரி மழைக்காலம் தெரிந்தவர்களுக்கு அந்த நான்கு வாரத்தின் அருமை தெரியும்.

துணை சுகாதார நிலையத்தில் ஊசி போடும்போது கவனித்தால், செவிலியர் புட்டியை நன்றாகக் குலுக்குவார். மருந்து அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும்; குலுக்காமல் இழுத்தால் முழு அளவு ஏறாது. போட்டதும் பஞ்சை வைத்து லேசாக அழுத்துவதோடு சரி.

“தேய்ச்சு விடட்டுமா நர்ஸம்மா? குளிருக்கு விறைச்சுக்கும்.”

“தேய்க்கவே கூடாதுக்கா. வீட்டுக்குப் போய் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்.”

குளிர் ஊரில் ஊசி போட்ட இடத்துக்குச் சூடு காட்டுவது பழக்கம். ஆனால் இந்த மருந்து தசையில் தங்கி மெல்ல மெல்லக் கரைய வேண்டியது. தேய்த்தாலும் சூடு காட்டினாலும் சீக்கிரம் கரைந்து, மூன்று மாதம் நிற்க வேண்டியது முன்னதாகவே தீரும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதல் சில மாதம் அவ்வப்போது உதிரம் படும், பிறகு பலருக்கு மாதவிடாயே நின்றுவிடும். கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறது என்று பயப்படுவார்கள். சவ்வே வளராதபோது தேங்க எதுவும் இல்லை. சிலருக்கு எடை கூடும். எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். நிறுத்திய பிறகு கருத்தரிக்க, கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். இந்தக் கடைசி விஷயத்தை முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும். சொல்லாமல் விடும் இடத்தில்தான் “ஊசி போட்டு மலடாக்கிட்டாங்க” என்ற பேச்சு கிளம்புகிறது.

நீலகிரியில் இன்னொரு விஷயம் உண்டு, சமவெளி மருத்துவர் சட்டென்று யோசிக்காதது: அரிவாள் செல் இரத்தசோகை. இந்தியாவில் இந்தப் பரம்பரை நோயின் மரபணு முதன்முதலாகப் பதிவானதே நீலகிரி மலைமக்களிடம், 1952இல், லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் வழியாக. இருளர், குறும்பர், பணியர் சமூகங்களில் இன்றும் கணிசமாக உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபணு வந்தவர்களுக்கு நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர்கள் கடத்திகள், அவர்களுக்குக் கருத்தடையில் பொதுவாகத் தடை இல்லை.

நோய் உள்ளவர்களின் சிவப்பணுக்கள் வளைந்து நாளங்களில் அடைத்துக்கொள்ளும். எலும்பை முறிப்பதுபோல் வலி வரும், சிலருக்குப் பக்கவாதமும் வரும். கர்ப்பமே அவர்களுக்கு ஆபத்து நிறைந்த காலம் என்பதால் நம்பகமான கருத்தடை மற்றவர்களைவிட அவர்களுக்கு அவசியம். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தரலாமா என்பதில் வழிகாட்டுதல்கள் ஒத்துப்போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் பொதுவாகத் தரலாம் என்றது. அமெரிக்க வழிகாட்டுதல் 2024இல் வேண்டவே வேண்டாம் என்று மாறிவிட்டது. புரோஜெஸ்டின் ஊசி வலி வரும் தடவைகளைக் குறைத்தது என்று சில சிறிய ஆய்வுகள் உண்டு. அதே ஊசியையும் சற்று யோசித்தே போடுங்கள் என்கிறது அந்த 2024 வழிகாட்டுதல். மேல் கையில் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சிக்கும் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருவிக்கும் அது தடை சொல்லவில்லை. என் பார்வையில் இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி “எந்த முறை வேண்டும்” என்பதல்ல, “அரிவாள் செல் பரிசோதனை செய்தாச்சா” என்பது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் கோத்தகிரியில் நாவா என்ற பழங்குடி நல அமைப்பும் பல காலமாக இந்த நோயோடு வேலை செய்கின்றன. அந்தப் பக்கம் இருப்பவர்கள் அங்கே கேட்கலாம்.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களும், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், நீலகிரியில் இருக்கிறார்கள். ஆயிரம், இரண்டாயிரம் என்று எண்ணிவிடக்கூடிய சமூகத்திடம் போய்ச் “சிறு குடும்பம்” என்று சுவரொட்டி காட்டுவது அபத்தம். ஆனால் பிள்ளைகளுக்கிடையே இடைவெளி வேண்டும் என்ற ஆசை அந்தப் பெண்களுக்கும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளக்கூடிய முறைகள் ஆபரேஷனைவிட அவர்களுக்குப் பொருந்துவது அதனால்தான்.

மேல் கையில் தோலுக்கடியில் வைக்கும் தீக்குச்சி அளவிலான குச்சி, 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் கொண்டது, மூன்று வருடம் காக்கும். மறக்க முடியாத முறை என்பதால் தோல்வி ஆயிரத்தில் ஒன்று. தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 2023 முதல் சில மாநிலங்களில், தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் வரத் தொடங்கியது. கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் கருவி அதிக உதிரப்போக்கைக் குறைக்கவும் உதவும். பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில்தான், விலையும் அதிகம்.

அவசர மாத்திரைக்கு வருவோம். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல். முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்து இருபது வருடம் ஆகிறது. தமிழ்நாட்டில் மட்டும் நீண்ட காலமாகப் பல மருந்துக்கடைகளில் “அது இல்லைம்மா” என்பதே பதில். தடை எதுவும் இல்லை என்று அரசுத் தரப்பு சொல்கிறது. வைத்தால் வம்பு என்று கடைக்காரர் நினைக்கிறார். கூடலூர், பந்தலூரிலிருந்து கேரள எல்லை தாண்டினால் அதே மாத்திரை கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். யானை நிற்கிறது என்று மாலை பஸ் வராத ஊரில் 72 மணி நேரம் அவ்வளவு நீளமில்லை. தேசியத் திட்டத்தின் இலவசப் பட்டியலில் இந்த மாத்திரை உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். ஐந்து நாளுக்குள் காப்பர் டி வைத்துக்கொள்வது இதைவிட உறுதியான வழி.

இனி ஆண்கள். ஆணுக்கு ஹார்மோன் கருத்தடை சாத்தியமா என்ற கேள்விக்கு 1990இலேயே பதில் கிடைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. விந்தணு முழுக்க வற்றிய ஆண்களின் மனைவியரில் ஒருவருக்குத்தான் கரு தங்கியது. ஆண்மையைத் தரும் ஹார்மோனே விந்தணுவை நிறுத்துமா என்று தோன்றும். விதைக்குள் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால்தான் விந்தணு உருவாகும். வெளியிலிருந்து கொடுத்தால், போதுமானது இருக்கிறது என்று மூளை கட்டளையை நிறுத்திவிடும், விதை ஓய்ந்துவிடும். இரத்தத்தில் அளவு குறையாததால் ஆசை, தசை, தாடி எதற்கும் குறைவில்லை. ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி போடும் பையன்களுக்குப் பிள்ளை தங்காமல் போவதும் இதே வழியில்தான். தெரியாமலே கருத்தடை செய்துகொள்கிறார்கள்.

பிறகு ஏன் கடையில் இல்லை? வாராவாரம் ஊசி யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அடுத்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு ஊசி என்ற முறையை, இந்தியா உட்படச் சில நாடுகளில் 320 ஆண்களிடம் சோதித்தார்கள். சுமார் 96 விழுக்காடு ஆண்களுக்கு விந்தணு, கரு தங்கத் தேவையான அளவுக்குக் கீழே போனது. ஆனால் மனச்சோர்வு, எரிச்சல், முகப்பரு என்று புகார்கள் வந்ததால், பாதுகாப்பைப் பார்த்த வெளிக்குழு சொல்லி 2011இல் நிறுத்தினார்கள். முடிவு 2016இல் வெளியானதும் “ஆம்பளைங்களுக்குத் தலைவலி தாங்கலையாம்” என்று உலகமே சிரித்தது. 1956இல் போர்ட்டோ ரிக்கோவில் முதல் மாத்திரையைச் சோதித்தபோது, பக்கவிளைவு அதிகம், இது பொதுவாக ஏற்கத்தக்கதல்ல என்று அங்கிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதினார். அது ஒதுக்கப்பட்டு, மாத்திரை 1960இல் சந்தைக்கு வந்தது. ஆகவே கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் நிறுத்தச் சொன்னது அந்த ஆண்கள் இல்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் தொடரத் தயார் என்றுதான் சொன்னார்கள். சிக்கல் வேறிடத்தில். பெண்ணுக்குப் பக்கவிளைவைக் கர்ப்பத்தின் ஆபத்தோடு எடைபோடுகிறார்கள். ஆணுக்கு மறுதட்டில் வைக்க எதுவும் இல்லை, கர்ப்பம் அவன் உடம்பில் நடப்பதில்லை. இருவரையும் சேர்த்து எடைபோடும் வழிமுறை மருந்து அனுமதி அமைப்புகளிடம் இன்னும் உருவாகவில்லை. எனக்கு அது பெரிய ஓட்டையாகப் படுகிறது.

இப்போது முன்னால் நிற்பது ஒரு ஜெல். செஜெஸ்டெரோன் அசிட்டேட் 8 மில்லிகிராம், டெஸ்டோஸ்டிரோன் 74 மில்லிகிராம். தினமும் தோள்பட்டையில் தடவ வேண்டும். 2018இல் சோதனை தொடங்கியது. 2024இல் சொன்ன முடிவின்படி 15 வாரத்துக்குள் 86 விழுக்காடு ஆண்களுக்கு விந்தணு, கரு தங்கத் தேவையான அளவுக்குக் கீழே போய்விட்டது. விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால் இன்று தடவி நாளை பலன் என்பது கிடையாது. காயும் முன் மனைவி, பிள்ளை மேல் பட்டால் அவர்களுக்கும் ஏறும். சட்டை போட்டு மூட வேண்டும். மூன்றாம் கட்டச் சோதனையும் முடிந்தாக வேண்டும் என்பதால் நம் ஊர் மருந்துக்கடைக்கு வர இன்னும் வருடங்கள் ஆகும்.

அதுவரை ஆணுக்கு இருப்பது உறையும் வாசெக்டமி என்ற குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும். ஒரு காலத்தில் இது ஆண்களின் ஆபரேஷனாகவே இருந்தது. 1950களிலேயே சென்னை மாநில அரசு, ஆபரேஷன் செய்துகொண்ட ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுத்தது. நெருக்கடி நிலையின்போது 1976–77இல் நாடு முழுக்க நடந்த 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு. பிடித்து இழுத்துப் போய் வெட்டிய கதைகள் பரவி, அதன் பிறகு ஆண்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை. அரசும் அவர்களை விட்டுவிட்டுப் பிரசவ வார்டுக்குப் போய்விட்டது.

கத்தியில்லா வாசெக்டமி என்பது இடத்தை மரக்கச் செய்து, சின்னத் துளை போட்டு, அரைமணி நேரத்துக்குள் முடிவது. அன்றே வீட்டுக்கு வரலாம். மூட்டை தூக்கும் தெம்பு போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை, ஹார்மோன் வழக்கம்போலச் சுரக்கும். சில நாள் பாரம் தூக்காமல், மேடு ஏறாமல் இருக்க வேண்டும். மலையில் இதுதான் கொஞ்சம் சிரமம். முக்கியமானது அடுத்த மூன்று மாதம். குழாயில் மிச்சமிருக்கும் விந்தணு தீரும்வரை உறை போட்டாக வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மனைவி மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தலாம்.